இண்டையிலிருந்து

மானிப்பாய்
4-10-1930

கண்டல்வெளி மிஷன் பாடசாலை ஆசிரியை யோசப்பினுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் யாவரும் சுகம். ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் வாலிபர் ஊழியச் சங்கத்தார் ஏழு பேர் உமது ஊருக்கு வந்து பன்னிரண்டு நாள் தங்கி ஊழியம் செய்ததை நீர் மறந்திருக்கமாட்டீர். தென்மராட்சியின் அந்த மூலையில், கார் போகாத இடத்தில், நுளம்புக்கும் வெயிலுக்கும் நடுவே நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எங்களோடு வந்த மார்கிரட்டுக்குக் காலில் வந்த கொப்புளம் போன கிழமைதான் ஆறியது.

இத்துடன் எங்கள் சங்கத்துப் பத்திரிகை ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தைப் பாரும். கடைசி நாள் உமது பள்ளிக்கூடத்தில் எடுத்த படம். காணிக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளும் பனை சீவும் சனங்களின் பிள்ளைகளும் ஒரே வாங்குப் பலகையில் நெருங்கி இருக்கிறார்கள். பின்னால் நடுவில் நிற்பது நான். 'கண்டல்வெளியில் விடிந்தது' என்ற தலைப்பும் நான் கொடுத்ததுதான். பெரியவர்கள் பலர் பார்த்துக் கண்கலங்கினார்கள் என்று கேள்வி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மார்கழியில் சென்னையில் வாலிபர் மாநாடு நடக்கிறது. எங்கள் சங்கத்திலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அதற்கு 'ஊழியத்தில் கற்ற பாடங்கள்' என்று ஒரு கட்டுரை கொடுக்கவேண்டும். என்னுடையது ஏறக்குறைய முடிந்துவிட்டது. வறுமையிலும் உமது சனங்கள் சிரித்த முகத்தோடு இருந்தது முதற் பாடம். கிடைத்ததை உண்டு திருப்தியடைய நாங்கள் பழகியது இரண்டாவது. இருளில் கிடந்த ஊருக்கு வெளிச்சம் கொண்டுபோகிறவனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி மூன்றாவது. இப்படி ஏழு இருக்கின்றன.

ஊரவர் ஒருவரின் சாட்சி இருந்தால் கட்டுரைக்குப் பெலன் கூடும். ஆகையால் எங்கள் வருகையால் உமது ஊர் அடைந்த நன்மையைப்பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்பும். எளிமையான தமிழ் போதும். பிழைகளை நான் திருத்திக்கொள்வேன்.

ஆண்டவருக்குள்,
யோ. அருட்பிரகாசம்


கண்டல்வெளி
8-10-1930

மதிப்புக்குரிய அருட்பிரகாசம் அவர்களுக்கு,

கடிதமும் பத்திரிகையும் கிடைத்தன. எளிமையான தமிழில் எழுதச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்தது அதுதான். ஆசிரியர் பரீட்சையில் இலக்கணத்துக்கு எனக்கு முதற் பிரிவு தந்தவர்கள் ஏமாந்துபோயிருக்கவேண்டும். உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் ஒற்று விழுந்துபோய்க் கிடந்தது. எடுத்து வைத்துவிட்டேன்.

உங்கள் பாடங்களுக்கு நான் சாட்சி சொல்லவேண்டுமல்லவா? சொல்கிறேன்.

சனங்கள் சிரித்தது உண்மை. உங்கள் தொப்பியைப் பார்த்துச் சிரித்தார்கள். பனைமரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, மேலே ஏறிக்கொண்டிருந்த என் தகப்பனை, அப்புவைப் பார்த்து, 'பெரியவர், பரலோகம் எங்கையெண்டு தெரியுமோ?' என்று கேட்டீர்கள். அவர் அரைமரத்தில் நின்றபடி சிரித்ததில் கால் வழுக்கப் பார்த்தது. கிடைத்ததை உண்டீர்கள் என்பதும் உண்மை. கிடைத்தது நமசிவாயம் விதானையார் வீட்டில். மூன்று கறி, ஒரு பொரியல், கட்டித் தயிர். எங்கள் ஊரின் தலைவரும் காணிக்காரரும் அவர்தான் என்பதால் அங்கே குறைவாகக் கிடைக்காது.

வெளிச்சம் என்கிறீர்கள். என் அப்புவின் தகப்பன் ஞானஸ்நானம் பெற்று நாற்பத்தாறு வருஷம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பதினொன்றும் மூன்று தலைமுறையாய் வேதக்காரர். நீங்கள் ஹார்மோனியத்தோடு வந்து எங்களிடம் 'இயேசு என்றொருவர் இருக்கிறார்' என்று தொடங்கியபோது, நாங்கள் மரியாதைக்காக முதல்முறை கேட்பவர்கள் மாதிரி இருந்தோம். பிரசங்கம் தேவைப்பட்ட வீட்டில் நீங்கள் சாப்பிட்டீர்கள். பிரசங்கத்தை எங்களுக்குச் செய்தீர்கள்.

தண்ணீர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெருப்புக் காய்ச்சல் பரவுகிறது, காய்ச்சின தண்ணீர்தான் குடிப்போம் என்று முதல் நாளே சொன்னீர்கள். சாவகச்சேரிச் சந்தையில் புதுப்பானை வாங்கி, ஒவ்வொரு காலையும் மூன்று கொதி வரக் காய்ச்சி, ஆறவைத்து, வெள்ளைத் துணி கட்டி வைத்தேன். பன்னிரண்டு நாளும் அந்தத் தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தேசி எலுமிச்சை மரத்தடியில் ஊற்றப்பட்டது. நீங்கள் பெட்டியில் கொண்டுவந்த சோடாவைக் குடித்தீர்கள். அது முடிந்தபின் விதானையார் வீட்டுக் கிணற்றில் அள்ளினபடி, காய்ச்சாமலே, அவர்களுடைய மூக்குப்பேணியில் குடித்தீர்கள். இதை எனக்குச் சொன்னது அவருடைய மகள் அருந்ததி. 'ரீச்சர், எங்கடை கிணத்துத் தண்ணிக்குக் காய்ச்சல் வராதோ?' என்று கேட்டாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன். மறுமொழி இருந்தால் எட்டாவது பாடமாக எழுதுங்கள்.

தேசிமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்க்கிறது. உங்கள் வருகையால் ஊர் அடைந்த நன்மை அது.

யோசப்பின்

பி.கு. ஒன்று மட்டும் கேட்கிறேன், பகிடியில்லாமல். இந்தப் பத்திரிகையை எங்கள் ஊரில் வேறு ஒருவருக்கும் அனுப்பவேண்டாம்.


மானிப்பாய்
12-10-1930

ஆசிரியை யோசப்பினுக்கு,

உமது கடிதத்தை வாசித்து வேதனைப்பட்டேன். கோபப்படவில்லை. கோபப்படுவது நம்முடைய அழைப்புக்கு ஏற்றதல்ல.

தண்ணீர் விஷயத்தில் டொக்டர் சொன்னதைச் செய்தோம். ஏழு பேரின் பெற்றோருக்கும் நான் பொறுப்பு. உமது பானை சுத்தமோ அசுத்தமோ என்ற கேள்வியே என் மனதில் எழவில்லை. விதானையார் வீட்டில் குடித்தது விருந்தாளியின் மரியாதை. அந்த வித்தியாசம் விளங்கக் கொஞ்சம் உலகம் பழகியிருக்கவேண்டும். அதற்காக உம்மைக் குறை சொல்லமாட்டேன். தவிர, உமக்கும் எனக்கும் இடையில் சாதி இருக்கிறதென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இருந்திருந்தால் உமக்குக் கடிதம் எழுதுவேனா? எங்கள் அப்பா ஒரு பிறக்கிராசி. கோட்டில் வழக்குப் பேசுகிறவர். அவரே, 'உதென்ன, உந்த ரீச்சருக்குக் கடிதம் போடுறாய்?' என்று கேட்டார். நான் அவரோடு வாதாடினேன். இதையெல்லாம் நீர் அறியீர்.

சாட்சி எழுத விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடும். வேறு வழி செய்துகொள்கிறேன்.

உமது பின்குறிப்பு எனக்கு விளங்கவில்லை. விதானையாருக்கு ஒரு பிரதியை நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். பன்னிரண்டு நாள் உணவிட்டவருக்கு அந்த நன்றியாவது வேண்டாமா? அவருடைய மகள் முன்வரிசையில் அழகாய் விழுந்திருக்கிறாள், பார்த்தால் சந்தோஷப்படுவார். நல்ல காரியத்தை ஏன் ஒளிக்கவேண்டும்?

யோ. அருட்பிரகாசம்


கண்டல்வெளி
20-10-1930

அருட்பிரகாசம் அவர்களுக்கு,

உங்கள் நன்றி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. விதானையார் சந்தோஷப்பட்ட விதத்தைச் சொல்கிறேன்.

புதன்கிழமை காணிக்காரர் பிள்ளைகள் ஒருவரும் பள்ளிக்கூடம் வரவில்லை. அன்று பின்னேரம் நாலரை மணிக்குக் கூரை எரிந்தது. பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்த்திருக்க. கிடுகுக் கூரை, எரிந்து முடிய அரை மணித்தியாலம் போதும். ஆர் வைத்தது என்று ஊருக்குத் தெரியும். விசாரணை செய்து எழுதவேண்டியவர் விதானையார். அடுப்புப் பொறி பறந்தது என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் அடுப்பு இல்லை.

உங்களுக்கு ஒன்று தெரியாது. நான் சொல்லவுமில்லை. நீங்கள் படம் எடுத்த அன்று பிள்ளைகளை ஒரே வாங்கில் இருத்தினீர்கள். நான் அவர்களைத் திரும்ப இறக்கவில்லை. செப்டெம்பர் முதலாந் திகதி பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்து அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். விதானையார் மகள் அருந்ததிக்குப் பக்கத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளை தங்கமுத்து. முதல் நாள் அருந்ததி கேட்டாள், 'ரீச்சர், இதை வீட்டிலை சொல்லவேணுமோ?' என்று. 'கேட்டால் பொய் சொல்லாதை. கேளாட்டி ஏன் சொல்லுறாய்?' என்றேன். இருபத்துமூன்று பிள்ளைகள். ஒன்றுகூட வீட்டில் வாய் திறக்கவில்லை. பெரியவர்களுக்கு முடியாததை அந்தக் குஞ்சுகள் செய்தன. ஒரு வீட்டிலும் கேள்வி எழவில்லை, உங்கள் ஒன்பதாம் பக்கம் வரும்வரை.

இப்போது புளியமரத்தடியில் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள். அப்புவை விதானையாரின் பனைகளில் ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 15, சனிக்கிழமை, மிஷன் பாடசாலைகளின் மனேஜர் ஐயா இங்கே விசாரணைக்கு வருகிறார். நான் ஊர் வழக்கத்தைக் குலைத்து, பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளைக் கலந்து இருத்தினேன் என்று முறைப்பாடு. குற்றம் என்று கண்டால் வேலை போய்விடும். என் சம்பளத்தில் வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறோம். அப்புவுக்கு மரமும் இல்லை என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

எனக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒரு கடிதம். அன்று பிள்ளைகளை வாங்கில் ஏற்றியது நீங்கள், ஏற்றும்போது 'இண்டையிலிருந்து ஒருத்தரும் நிலத்திலை இருக்கக் கூடாது' என்று சொன்னது நீங்கள், மிஷனின் பெயரால் சொன்னீர்கள், நான் அதன்படி நடந்தேன். இவ்வளவையும் உள்ளபடி மனேஜர் ஐயாவுக்கு எழுதவேண்டும். புகழவேண்டாம். நடந்ததை எழுதினால் போதும்.

முந்திய கடிதத்தில் பகிடி பண்ணியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டுமென்றால் கேட்கிறேன்.

யோசப்பின்


மானிப்பாய்
27-10-1930

ஆசிரியை யோசப்பினுக்கு,

உமது கடிதம் கண்டு மிகவும் துக்கப்பட்டேன். உமக்காகவும் அந்த ஊருக்காகவும் முழங்காலில் நின்று ஜெபித்தேன். எங்கள் ஜெபக்கூட்டத்திலும் பெயர் சொல்லாமல் உம்மை நினைத்துக்கொண்டோம்.

ஆனால் சில காரியங்களைத் தெளிவாக்கவேண்டும். நாங்கள் பிள்ளைகளை ஒன்றாக இருத்தியது படத்துக்காக. படக்காரருக்கு எல்லாரும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் முகம் விழும் என்று அவரே சொன்னார். நான் சொன்ன வார்த்தை 'இண்டைக்கு ஒருத்தரும் நிலத்திலை இருக்கக் கூடாது' என்பது. 'இண்டைக்கு.' நீர் 'இண்டையிலிருந்து' என்று கேட்டிருக்கிறீர். ஹார்மோனியச் சத்தத்தில் ஒரு சொல் மாறிக் கேட்பது ஆச்சரியமல்ல. அதன்மேல் ஒன்றரை மாதம் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தியது உமது யோசனை. கேட்டிருந்தால் நான் பொறுமையாயிரும் என்றிருப்பேன். இவையெல்லாம் மெல்ல மெல்ல நடக்கவேண்டிய காரியங்கள்.

இன்னொன்று. விதானையாரின் காணி வழக்கு இப்போது அப்பாவின் கையில் இருக்கிறது. இந்த நேரத்தில் நான் எழுதினால் அப்பாவுக்குச் சங்கடம். மாநாட்டுக்கு ஆளைத் தெரிவுசெய்வதும் இந்த மாதம்தான். நாங்கள் எல்லாரும் கலந்து யோசித்து, இந்த விஷயத்தில் சங்கம் தலையிடாமல் இருப்பதே சமாதானத்துக்கு ஏற்றது என்று தீர்மானித்தோம்.

என் புத்திமதியைக் கேட்பீராயின், விசாரணைக்கு முன்னமே விதானையார் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளும். தாழ்மை ஒருவரையும் கெடுப்பதில்லை. உம்மைப் போன்றவர்களுக்கு அது இலகுவாய் வரும்.

உமது ஆத்தும நலம் நாடும்,
யோ. அருட்பிரகாசம்


கண்டல்வெளி
31-10-1930

அருட்பிரகாசத்துக்கு,

இதுவரை உம்மை 'நீங்கள்' என்று எழுதிவந்தேன். இந்தக் கடிதத்திலிருந்து 'நீர்'. நீர் என்னை முதல் வரியிலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டீர். நான் உம்மிலும் இரண்டு வயது மூத்தவள். தாழ்மை எனக்கு இலகுவாய் வரும் என்று எழுதியிருந்தீர். வருகிறதா என்று பாரும்.

அன்று ஹார்மோனியம் வாசிக்கவில்லை. அதைச் சாக்கில் கட்டி வண்டிலில் ஏற்றியாகிவிட்டது. நீர் வாங்குக்கு முன்னால் வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, 'பிள்ளையள், எல்லாரும் ஏறி இருங்கோ. நெருங்கி இருங்கோ' என்றீர். தங்கமுத்து ஏறவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள். நீர் போய் அவளைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து அருந்ததிக்குப் பக்கத்தில் இருத்தினீர். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னீர், 'ரீச்சர், இண்டையிலிருந்து ஒருத்தரும் நிலத்திலை இருக்கக் கூடாது.' இண்டையிலிருந்து. எனக்குக் காது நன்றாய்க் கேட்கும்.

சொல்லும்போது உமது கண் கலங்கியிருந்தது. அதைத்தான் நான் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்! பன்னிரண்டு நாள் என் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினவன், பதின்மூன்றாவது நாள் கண்கலங்கினால் அது உண்மையாயிருக்கும் என்று நம்பிய மடைச்சி நான். உமக்கு அந்த நேரம் அது உண்மையாகவே இருந்திருக்கும். படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கும்வரை இருந்திருக்கும்.

உமது கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு வேலை செய்தேன். படிப்பிக்கிற பழக்கம் போகாதே. தலைப்பு ஆர் கொடுத்தது? 'நான்.' படத்தில் நடுவில் நிற்பது? 'நான்.' மாநாட்டுக்குப் போகப்போவது? 'நான்.' பிள்ளைகளை இருத்தியது? 'நாங்கள்.' எழுதமாட்டோம் என்று தீர்மானித்தது? 'நாங்கள் எல்லாரும்.' நல்லது வந்தால் ஒருமை, பழி வந்தால் பன்மை. உமக்கு இலக்கணம் தெரியாது என்று முதலில் எழுதிவிட்டேன். நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மெல்ல மெல்ல நடக்கவேண்டும் என்கிறீர். தங்கமுத்துவுக்குப் பதினொரு வயது. அவள் ஆறு வருஷம் நிலத்தில் இருந்து படித்தாள். கரும்பலகையின் மேற்பாதிதான் அவளுக்குத் தெரியும், முன்னாலிருக்கிற தலைகளுக்கு மேலால். கணக்கில் கீழ்வரி எப்போதும் பிழைக்கும். அவளுக்கு மூளை காணாது என்று நானே நினைத்தேன். வாங்கில் ஏறிய கிழமையே கீழ்வரி சரியாய் வந்தது. இன்னும் எத்தனை வருஷம் மெல்லப் போகவேண்டும், சொல்லும்.

விதானையார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கமாட்டேன். உமது அப்பாவின் வழக்கு நன்றாய் நடக்கட்டும். ஜெபக்கூட்டத்தில் என்னைப் பெயர் சொல்லாமல் நினைத்தீர்களாம். ஆண்டவருக்கு ஆளைத் தேட எவ்வளவு கஷ்டமாயிருந்திருக்கும்!

எழுதுவதானால் உண்மையை எழுதும். இல்லாவிட்டால் எனக்குப் புத்திமதி அனுப்பி முத்திரையை வீணாக்கவேண்டாம்.

யோசப்பின்


மானிப்பாய்
10-11-1930

மதிப்புக்குரிய யோசப்பின் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. இப்படி ஒருவரும் எனக்கு எழுதியதில்லை. கிழித்துப் போட நினைத்தேன். போடவில்லை.

நேற்று ஆராதனை முடிந்து மார்கிரட் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உங்களுக்கு நடந்ததை எப்படியோ அறிந்திருக்கிறாள். அப்பா பக்கத்தில் இருக்கவே, 'அண்ணை, நீங்கள் சொன்னது எனக்கு நல்லாய் ஞாபகம். இண்டையிலிருந்து எண்டுதான் சொன்னனீங்கள். நீங்கள் எழுதாட்டி நான் எழுதுறன்' என்றாள். அப்பாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. ஒரு பெண்பிள்ளை எழுதி, நான் பேசாமல் இருந்தேன் என்று வெளியே வந்தால் சங்கத்தில் என் பெயர் என்னவாகும் என்பதையும் யோசிக்கவேண்டியிருந்தது. உங்களிடம் அதை மறைக்கவில்லை.

ஆகவே எழுதிவிட்டேன். மனேஜர் ஐயாவுக்கு எழுதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. ஒட்டவில்லை. வாசித்துவிட்டு விசாரணையில் நீங்களே அவர் கையில் கொடுங்கள். அவருக்கு உங்களை நிற்பாட்ட விருப்பமில்லை, ஒரு காரணம் கிடைத்தால் விட்டுவிடுவார் என்று அப்பா அறிந்து சொன்னார். இந்தக் கடிதம் அந்தக் காரணம். வேலை நிச்சயமாய்த் தப்பும்.

அதில் நான் எழுதியது இதுதான்: 'பிள்ளைகளை ஒன்றாக இருத்தும்படி சொன்னவன் நான் ஒருவனே. ஆசிரியை யோசப்பின் அறிவு குறைந்த, எளிய சாதியில் பிறந்த, பெரியவர்கள் சொன்னதைச் செய்து பழகிய பெண். நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தையைக் கட்டளை என்று நினைத்து, அதன் பொருள் விளங்காமல் நடந்துகொண்டாள். சுயமாய் யோசித்து இப்படிச் செய்யக்கூடியவள் அல்ல. ஆகையால் அவளை மன்னிக்கும்படி கேட்கிறேன்.'

சில சொற்கள் உங்களுக்கு நோகும். அப்பா சொல்லித்தான் அவற்றைச் சேர்த்தேன். அப்படி எழுதினால்தான் விதானையாரும் மனேஜர் ஐயாவும் ஒத்துக்கொள்வார்கள். உங்களைக் காப்பாற்றவே எழுதினேன். நான் சொன்னேன் என்பதையும் ஒத்துக்கொண்டுவிட்டேன். நீங்கள் கேட்டது அதுதானே?

அருட்பிரகாசம்


கண்டல்வெளி
17-11-1930

அருட்பிரகாசத்துக்கு,

வேலை போய்விட்டது. இந்த மாத முடிவோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். முதலே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை தேடவேண்டாம்.

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இரண்டாம் தரம் அப்புவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர், 'குடு, பிள்ளை. சொல்லுதானே, சோறெல்லோ பெரிசு' என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பனை ஏறி என்னைப் படிப்பித்தவர். மூன்றாம் தரம் வாசித்துவிட்டு, கொடுப்பது என்று முடிவுசெய்துதான் சனிக்கிழமை போனேன். நான் வீராங்கனை என்று நினைக்கவேண்டாம்.

புளியமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். மனேஜர் ஐயா, அவரோடு மிஷன் ஆட்கள் இருவர், ஒரு பக்கம் விதானையாரும் காணிக்காரரும். எங்கள் பக்கத்தார் வேலிக்கு வெளியே நின்றார்கள். பிள்ளைகளும் நின்றார்கள். விதானையார் முக்கால் மணித்தியாலம் பேசினார். அவருடைய வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவருடைய மகளையே இப்படிப் படம் பிடித்த பெடியன்களைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உம்மைப் போன்றவர்களோடு அவருக்கு என்ன பகை? நாளைக்கும் வழக்குப் பேச வேண்டும்.

பிறகு மனேஜர் ஐயா என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'பிள்ளை, உனக்கு உதை ஆர் சொல்லித் தந்தது? மானிப்பாயிலை இருந்து வந்த பெடியன்கள் ஆரும் சொன்னவையோ? அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லு' என்றார். உமது அப்பா சொன்னது சரி. அவருக்கு என்னை விட்டுவிட மனம் இருந்தது. 'ஓம்' என்ற ஒரு சொல் போதும். கடிதம் என் கையில் இருந்தது.

தங்கமுத்து வேலிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. மனேஜர் ஐயா கடிதத்தைச் சத்தமாய் வாசிப்பார். ரீச்சருக்கு அறிவு குறைவு, தன்ரை பாட்டிலை யோசிக்க ஏலாது, ஆரோ ஒரு ஐயா சொன்னதால் உன்னை வாங்கில் இருத்தினாள் என்று அந்தப் பிள்ளை கேட்பாள். ஆறு வருஷம் அவளுக்கு மூளை காணாது என்று நினைத்தவள் நான். இனி அவள் என்னைப்பற்றி அப்படி நினைக்கட்டும் என்று விட எனக்கு முடியவில்லை.

'ஒருத்தரும் சொல்லேல்லை, ஐயா. நான்தான் இருத்தினனான். எனக்குச் சரியெண்டு பட்டது. இருத்தினன்' என்றேன்.

மனேஜர் ஐயா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு எல்லாம் கெதியாய் முடிந்துவிட்டது. என்னை நிற்பாட்டுவது. கூரையை மிஷன் மேய்ந்து கொடுப்பது. இனிமேல் சண்டை வராமலிருக்க வாங்குகளை எடுத்துவிடுவது, பிள்ளைகள் எல்லாரும் நிலத்தில் பாயில் இருப்பது. விதானையார் இதற்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். என் வேலை போன சந்தோஷத்தில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர் பார்க்கவில்லை. தன் மகளும் இனி நிலத்தில்தான் என்பது வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போதுதான் விளங்கியிருக்கும். பாவம்!

உமது கடிதம் இத்துடன் திரும்பி வருகிறது. பத்திரமாய் வைத்திரும். மாநாட்டில் வாசிக்க உதவும். 'எளிய சாதியில் பிறந்த' என்ற இடத்தில் நல்ல கைதட்டல் கிடைக்கும்.

மார்கிரட்டுக்கு என் அன்பைச் சொல்லும். உங்கள் ஏழு பேரில் பாடம் கற்றது அவள் ஒருத்திதான். அவள் கட்டுரையும் எழுதவில்லை.

நான் மனேஜர் ஐயாவிடம் சொன்னது பொய். ஒருவர் சொன்னதுதான். நேற்று ஞாயிற்றுக்கிழமை அதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று முழங்காலில் நின்றேன். வாய் வரவில்லை. நீர் அந்தச் சொல்லைச் சொல்லி அரை மணித்தியாலத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டீர். பிறகு முப்பத்திரண்டு பள்ளி நாள், ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்து, அந்தப் பிள்ளைகளை ஏற்றி இருத்தியது நான். உமது வாயிலிருந்து வந்த ஒரேயொரு நல்ல சொல் அது. அதை உம்மிடமிருந்து களவெடுத்துவிட்டேன். திருப்பித் தரமாட்டேன்.

யோசப்பின்